வெளியூர்க் கோல்கள்

லா சப்பல், பாரிஸ்
8 செப்டெம்பர் 2024

அன்பு மகள் கஜந்தினிக்கு,

இந்தக் காலத்தில் முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறவனுக்கு விசர் என்றுதான் நினைப்பாய். வேறு வழி வைத்தீர்களா? உன் கொப்பர் தவம் அண்ணையின் தொலைபேசி என் நம்பரைக் கண்டால் ஊமையாகிவிடுகிறது. உன்னுடையதும் அப்படித்தான். அண்ணைக்கு நேரே எழுதிய கடிதம் உறை பிரிக்காமல் என் கடைக்கே திரும்பி வந்தது. அதனால் இப்போது உனக்கு எழுதுகிறேன். நலம் விசாரித்துத் தொடங்கத்தான் வேண்டும், அதற்கு முகம் இல்லை.

ஆனி மாதம் கிண்ணப் போட்டியன்று நடந்ததைப் பற்றித்தான். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கை ஓடும். கொன்றையடி ஊர்ச் சங்கத்துக்கு நான் செயலாளர். என் அப்பப்பா வல்லிபுரத்தின் பெயரில்தான் வருடாவருடம் இங்கே உதைபந்தாட்டக் கிண்ணம் நடத்துகிறோம். நூறு வருடத்துக்கு முன்னால் எங்கள் ஊரின் சென்ரர் போர்வேட் அவர். வடமராட்சிப் பகுதி முழுக்க 'கோல் வல்லிபுரம்' என்றால்தான் தெரியும். இந்த முறை வெளியிட்ட ஆண்டு மலரில் அவருடைய விளையாட்டு வாழ்க்கையை நானே எழுதினேன். பழைய பத்திரிகைத் துண்டுகளைத் தேடி, இரண்டு வருடம் மினக்கெட்டு, ஆட்டம் ஆட்டமாக எண்ணினேன். 1912 முதல் 1926 வரை 214 கோல். அந்தப் புளுகத்தில், சந்தோசம் தலைக்கேறி, மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் கொப்பர் கதிரையிலிருந்து எழும்பினார்.

"வாமதேவன், அதில பாதிக்கு மேல என்ர அப்பப்பா கிட்டினன் அடிச்சது. அதையும் ஒருக்கால் சொல்லு" என்றார்.

நான் சொன்ன மறுமொழி உனக்கு ஞாபகம் இருக்கும். "பந்து பொறுக்கினவைக்கும் கோல் கணக்கோ அண்ணை?"

முந்நூறு பேர் சிரித்தார்கள். பகிடியாகச் சொன்னது மகள். மைக் கையில் வந்தால் என் நாக்கு என் சொல் கேளாது, அது ஊருக்கே தெரியும். கொப்பர் அதைப் பகிடியாக எடுப்பார் என்று நினைத்தேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு உன்னோடு வெளியே போனதைப் பார்த்த பிறகும், அடுத்த ஞாயிறு வருவார் என்றுதான் நினைத்தேன்.

இருபத்தைந்து வருடமாக ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு என் கடையில் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அவர் உட்கார்ந்த ஸ்டூல் இப்போது சும்மா கிடக்கிறது. "எங்கை தவம் அண்ணையைக் காணேல்லை?" என்று ஆக்கள் கேட்கிறார்கள். சுகமில்லை என்று சொல்லிச் சமாளிக்கிறேன்.

ஒரு சொல் தவறினதற்கு இவ்வளவு காலம் கோபமா என்று கேட்டுப் பார். தேத்தண்ணி ஊற்றி வைக்கிறேன், வரச்சொல்.

வாமதேவன் மாமா


ஓல்னே-சூ-புவா
21 செப்டெம்பர் 2024

திரு. வாமதேவன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக்காட்டத் தொடங்கினேன். 'பகிடி' என்ற சொல் வந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். மன்னிப்பு என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

நான் இங்கே பிறந்தவள். சாதி என்பது நீங்கள் எல்லோரும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்த சாமான் என்று முப்பத்திரண்டு வயது வரை நம்பியிருந்தேன். அன்று முந்நூறு பேர் சிரித்தபோது ஒருவர்கூட "என்ன சொன்னவர்?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்கவில்லை. எல்லோருக்கும் உடனே விளங்கியிருந்தது. எனக்கு மட்டும்தான் ரயிலில் வைத்து அப்பா விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. "எங்கட ஆக்களை அவை மைதானத்துக்குள்ள விடமாட்டினம், பிள்ளை. வேலிக்கு வெளியில போற பந்தை எடுத்துக் குடுக்க மட்டும்தான் விட்டவை" என்றார். என்னைப் பார்க்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். என் அப்பா வெட்கப்பட்டதை நான் அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். வெட்கப்பட வேண்டியவர் மைக்கோடு மேடையில் நின்றார்.

காப்புறுதி அலுவலகத்தில் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆக்கள் நிரப்பி அனுப்பும் படிவங்களில் எங்கே பொய் இருக்கிறது என்று பார்ப்பது. உங்கள் மலரையும் அப்படித்தான் பார்த்தேன். நீங்களே போட்ட பட்டியல் இது. 1912 முதல் 1918 வரை உள்ளூர் மைதானத்தில் 61 கோல், வெளியூரில் 34. 1919 முதல் 1926 வரை வெளியூரில் 119. அதே எட்டு வருடத்தில் உள்ளூரில் எத்தனை? ஒன்றுகூட இல்லை.

அதற்கு நீங்கள் எழுதியிருக்கும் விளக்கம்: "சொந்த மண்ணில் கோல் அடிக்கும் வாய்ப்பை இளையவர்களுக்குப் பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார்." இதை எழுதும்போது உங்களுக்கே சிரிப்பு வரவில்லையா?

அப்பா சொல்லும் கதையில் இந்தப் பூச்சியத்துக்குக் காரணம் இருக்கிறது. என் பூட்டன் கிட்டினன், வெளியூர் ஆட்டங்களுக்கு மாட்டு வண்டிக்குப் பின்னால் பந்தையும் தண்ணீர்க் குடத்தையும் சுமந்துகொண்டு நடந்து போவார். ஊர் எல்லை தாண்டியதும் வல்லிபுரம் ஆட்டத்துக்குப் போடும் சேட்டைக் கிட்டினனிடம் உடுத்தக் கொடுப்பார்கள். போகிற ஊரில் அவரை யாருக்கும் தெரியாது. வல்லிபுரம் என்ற பெயரில் இறங்கி விளையாடுவார். ஆட்டம் முடிந்ததும் அந்த ஊர்க்காரர்கள் வல்லிபுரம் என்று நினைத்து அவருக்குச் செம்பில் மோர் கொடுப்பார்கள். திரும்பி வரும் வழியில் சேட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு, கிட்டினனுக்குத் தேங்காய்ச் சிரட்டையில் தண்ணீர் ஊற்றுவார்கள். உள்ளூர் ஆட்டத்தன்று அவர் வேலிக்கு வெளியே நிற்பார். அதனால்தான் உள்ளூரில் கோல் இல்லை.

இன்னொன்று. அப்பா இதை ஒருநாளும் வாய் திறந்து சொல்லமாட்டார், ஆகையால் நான் சொல்கிறேன். 94இல் நீங்கள் பேப்பர் இல்லாமல் வந்து நின்றபோது அப்பாவின் வதிவிடக் கார்ட்டைக் காட்டித்தான் ரெஸ்தோறன் வேலைக்குப் போனீர்கள். அப்பா காலையில் துப்புரவு வேலை, நீங்கள் பின்னேரம் அதே பெயரில் பாத்திரம் கழுவும் வேலை. ஆறு வருடம். மற்றவர்கள் கார்ட்டை வாடகைக்குக் கொடுத்த காலத்தில் அப்பா உங்களுக்குச் சும்மா கொடுத்தார். இன்னொருவரின் பெயரில் உழைப்பது என்றால் என்ன என்று அந்த முந்நூறு பேரிலும் உங்களுக்குத்தான் நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

கஜந்தினி தவரத்தினம்


லா சப்பல்
2 ஒக்டோபர் 2024

கஜந்தினிக்கு,

கார்ட் விஷயத்தையெல்லாம் கடிதத்தில் எழுதலாமா? படித்த பிள்ளை நீ. முப்பது வருடம் ஆனாலும் அது அது தானே. வாசித்த கையோடு உன் கடிதத்தைக் கிழித்துக் கடைக்குப் பின்னால் இருக்கும் தொட்டியில் போட்டேன். பிறகு, யாரும் எடுத்து ஒட்டி வாசித்தால் என்ன செய்வது என்று பயந்து, வாழைத்தோலுக்குள் கை விட்டுப் பாதியைத் திரும்ப எடுத்தேன். தங்கேஸ்வரி மாமி பார்த்துவிட்டு, "என்ன, காதல் கடிதமோ?" என்று கேட்டா.

நன்றி மறந்தவன் என்று எழுதாமல் எழுதியிருக்கிறாய். கொப்பரின் உதவியை நான் எங்கே மறுத்தேன்? அது வேறு, இது வேறு. ஊர்க் கதைகளுக்கு ஆதாரம் வேண்டும். நான் பத்திரிகைத் துண்டுகளை வைத்து எழுதினேன். அதில் எல்லாவற்றிலும் வல்லிபுரம் என்றுதான் இருக்கிறது. கிட்டினன் என்று ஒரு வரி கிடைத்தால் நானே போட்டிருப்பேன். உள்ளூரில் கோல் குறைந்ததற்கு வேறு காரணமும் இருக்கலாம். பத்தொன்பதாம் ஆண்டோடு அவருக்கு முழங்கால் போய்விட்டது, முன்னைப்போல ஓட முடியாது. அதை நீ யோசித்தாயா?

இப்படி இரண்டு பக்கமும் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் மனக்கசப்புத்தான் மிஞ்சும். அண்ணைக்கு இருமல் எப்படி என்று மட்டும் ஒரு வரி எழுது.

வாமதேவன்


ஓல்னே-சூ-புவா
19 ஒக்டோபர் 2024

திரு. வாமதேவன் அவர்களுக்கு,

முழங்கால் போனவர் உள்ளூரில் ஓட முடியாமல் வெளியூரில் மட்டும் 119 கோல் அடித்தாரா? முழங்கால் விஷயம் மலரில் இல்லை. அப்பாவும் அதை எனக்குச் சொன்னதில்லை, அவருக்கே தெரியாது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அப்பாவின் இருமல் பரவாயில்லை. அவர் லா சப்பலுக்கு வருவதில்லை. மரக்கறி இங்கேயே வாங்குகிறோம், முருங்கைக்காய் இல்லாமல் சமைக்கிறோம். என் தம்பி மிதுசனின் கலியாணத்துக்கு ஊர் ஆக்கள் யாரையும் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திரும்பவும் யாராவது சிரிப்பார்கள் என்று அவருக்குப் பயம். எங்கள் வீட்டு முதல் கலியாணம் இது.

நீங்கள் சொன்னது மைக்கில். அதைக் கடிதத்தில் திருப்பி எடுக்க முடியாது. ஆனி மாதம் திரும்ப வரும், அதே மைதானமும் அதே ஆக்களும் இருப்பார்கள். அங்கே சொல்லுங்கள். அதுவரை எழுத வேண்டாம்.

கஜந்தினி


லா சப்பல்
16 பெப்ரவரி 2025

மகள் கஜந்தினிக்கு,

எழுத வேண்டாம் என்றாய். நாலு மாதம் எழுதாமல் இருந்தேன். அந்த நாலு மாதமும் உன் ஒரு கேள்வி என் சட்டைப்பையிலேயே கிடந்தது. உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?

எனக்குத் தெரியும். மைக்கைப் பிடித்து நின்ற அன்றும் தெரியும், மலர் எழுதும்போதும் தெரியும். எண்பத்தேழாம் ஆண்டு நான் கொழும்புக்கு வெளிக்கிட்ட கிழமை என் அப்பா சொன்னார். அப்பப்பாவின் கால் பத்தொன்பதாம் ஆண்டு ஓர் ஆட்டத்தில் முறிந்தது. வல்லிபுரம் இறங்குகிறார் என்றாலே எதிர் அணிக்குக் கை கால் உதறும், அந்தப் பெயரை விட ஊருக்கு மனமில்லை. வேலிக்கு வெளியே நின்று பந்தை எடுத்து எறிகிறவன் ஒருத்தன் இருந்தான், எறியாமல் காலால் அடித்தால் பந்து நேரே நடுக்கோட்டில் வந்து விழும். அவனைக் கொண்டு போனார்கள். கொப்பர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. சேட்டும் உண்மை, சிரட்டையும் உண்மை.

இன்னும் இருக்கிறது. இதைச் சொல்லக் கை கூசுகிறது.

மலரில் போட்ட 1923ஆம் ஆண்டுக் குழுப்படத்தை நீ பார்த்திருப்பாய். எல்லோரும் நிற்க அப்பப்பா மட்டும் நடுவில் கதிரையில் இருக்கிறார். 'நட்சத்திர வீரருக்குரிய மரியாதை' என்று கீழே எழுதினேன். அவரால் நிற்க முடியாது, அதுதான் கதிரை. அந்தப் படத்தின் வலது ஓரத்தில் இன்னொருவர் நின்றார். சேட் இல்லை, முழங்காலுக்கு மேலே கட்டிய வேட்டி, இரண்டு கையாலும் பந்தைப் பிடித்திருந்தார். மலர் வடிவமைத்த ஐங்கரனிடம் படத்தைக் கொண்டுபோக முன்னால், கடையில் பை வெட்டும் கத்தரிக்கோலால் அந்த ஓரத்தை நான் வெட்டினேன். ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் இருக்கும் அந்தப் பிரதி எடுக்கும் கடையில் ஐங்கரன் "இது ஆர் அண்ணை?" என்று கேட்டுவிடக்கூடாது என்பதற்காக. மூலப்படம், மகள். அந்த ஒன்றுதான் இருந்தது. யுத்தத்துக்குள்ளாலும் கப்பலுக்குள்ளாலும் தப்பி வந்த படம். அதை வெட்ட ஷெல்லும் வேண்டியிருக்கவில்லை, ஆமியும் வேண்டியிருக்கவில்லை.

வெட்டின துண்டை எறியவில்லை. கல்லாவுக்குக் கீழே இழுக்கும் லாச்சிக்குள் வைத்தேன். பின்பக்கம் அப்பப்பாவின் கையெழுத்து பென்சிலில் இருக்கிறது. 'கிட்டினன். என் பெயரில் விளையாடினவன்.' அவ்வளவுதான். அந்த மனிதருக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்திருக்கிறது, முன்பக்கமாகச் சொல்லத் தைரியம் இல்லை. எனக்கு அந்தப் பின்பக்கத் தைரியமும் இல்லாமல் போய்விட்டது.

கார்ட்டைப் பற்றி எழுதினாய். ரெஸ்தோறன் முதலாளி ரேமண்ட் குசினிக் கதவைத் திறந்து "தவா!" என்று கூப்பிடுவார். முதல் மாதம் திரும்ப மறந்துவிடுவேன். இரண்டாம் வருடம் நித்திரையில் கூப்பிட்டாலும் எழும்புவேன். ஒருநாள் எல்லோருக்கும் முன்னால் என் தோளில் தட்டி "தவாதான் இந்தக் குசினியில் நல்ல வேலைக்காரன்" என்றார். பாராட்டு எனக்குத்தான், ஆனாலும் என்னிடம் வந்து சேரவில்லை. அன்று இரண்டு பாத்திரம் உடைத்தேன். அப்படி ஒரு நாள் எனக்குப் போதுமாக இருந்தது. கிட்டினன் எட்டு வருடம் 119 தரம் அதைக் கேட்டார். இதெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் கொப்பரைப் பார்த்து அதைச் சொன்னேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். சொல்லை எழுதிவிட்டேன், அது போதாது என்றும் தெரியும். ஆனியில் மைக்கில் சொல்கிறேன். துண்டை அன்று நேரில் தருகிறேன்.

வாமதேவன்


ஓல்னே-சூ-புவா
2 மார்ச் 2025

வாமதேவன் மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். அப்பாவிடம் இன்னும் கொடுக்கவில்லை. படம் இருக்கிறது என்று சொன்னால் அவர் காத்திருக்கத் தொடங்குவார். நீங்கள் சொல்லாமல் விட்டால் அதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

எங்கள் வீட்டில் கிட்டினன் முகம் இல்லை. அவரைப் படம் பிடித்தவர்கள் யாரும் இல்லை என்றுதான் அப்பா எனக்குச் சொல்லியிருக்கிறார். அந்த முகம் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில், உங்கள் கடைக் கல்லாவுக்குக் கீழே கிடந்திருக்கிறது. அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் அதிலிருந்து இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து தேத்தண்ணி குடித்திருக்கிறார். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்பா வரமாட்டார். நான் வருவேன். உள்ளே வந்து இருக்கமாட்டேன், வாசல் கேற்றில் நிற்பேன்.

கஜந்தினி


ஓல்னே-சூ-புவா
30 ஜூன் 2025

திரு. வாமதேவன் அவர்களுக்கு,

நேற்று அந்த வெயிலில் ஒன்றரை மணித்தியாலம் கேற்றில் நின்றேன். நீங்கள் மைக்கை எடுத்தீர்கள். என்னைக் கண்டீர்கள், கண்டது எனக்குத் தெரியும். அனுசரணையாளர்களுக்கு நன்றி சொன்னீர்கள். மத்தியஸ்தர்களுக்கு நன்றி, சோடா தந்த கடைக்கு நன்றி. பிறகு, "எங்கள் கோல் மன்னன் வல்லிபுரத்தின் ஆசியோடு போட்டியைத் தொடங்குவோம்" என்றீர்கள்.

நான் திரும்பி நடந்துவிட்டேன். அப்பாவிடம் எதையும் சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றுதான் இந்த வருடம் நான் செய்த புத்தியான காரியம்.

படத்துண்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். அது உங்களுடையது இல்லை. வேறு எதுவும் வேண்டாம்.

க.


லா சப்பல்
4 ஜூலை 2025

மகள் கஜந்தினிக்கு,

நீ எழுதியது சரி. வாயைத் திறந்தேன், நன்றி நன்றி என்றுதான் வந்தது. முன்வரிசையில் லண்டனிலிருந்து வந்த என் தமையன், பக்கத்தில் என் மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வீட்டார். அவர்களைப் பார்த்ததும் எட்டு மாதமாக மனப்பாடம் செய்து வைத்த வசனத்தை விட்டுவிட்டுச் சோடாக் கடைக்கு நன்றி சொன்னேன். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி ஒரு கோழை.

நீ திரும்பி நடந்தாய். கொப்பர் போன வருடம் நடந்த அதே நடைதான், தோள் ஒரு பக்கம் சரிந்து, அவசரமில்லாமல். அதற்குப் பிறகு நடந்த ஆட்டங்களில் ஒன்றையும் நான் பார்க்கவில்லை.

பரிசளிப்பில் அதிக கோல் அடித்தவருக்கு 'கோல் வல்லிபுரம் விருது' என்று ஐங்கரன் வாசித்தான். நான் எழும்பி மைக்கை வாங்கினேன். "இந்த விருதின்ர பேர் பாதிக்கு மேல பொய்" என்று தொடங்கினேன். கிட்டினன் பேரைச் சொன்னேன். 119ஐச் சொன்னேன். "போன வருசம் தவரத்தினம் அண்ணை உண்மையைச் சொன்னவர், நான் பொய்யைச் சொல்லி உங்களைச் சிரிக்க வைச்சனான். தெரிஞ்சுகொண்டுதான் சொன்னனான்" என்றேன். அந்த இடத்தில் தலைவர் கையைக் காட்ட, ஐங்கரன் மைக்கை நிற்பாட்டினான். மைக் இல்லாமல் மிச்சத்தைச் சொன்னேன். என் குரல் சின்னது என்று அன்றுதான் தெரிந்தது. முன்னுக்கு இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. பின்னுக்கு இருந்தவர்கள் "என்னவாம், என்னவாம்?" என்று கேட்க, முன்னுக்கு இருந்தவர்கள் திரும்பிச் சொன்னார்கள். வரிசை வரிசையாகப் போனது. கடைசி வரிசைக்கு எந்த வடிவத்தில் போய்ச் சேர்ந்ததோ எனக்குத் தெரியாது. போன வருடம் சிரித்த சத்தம் இந்த முறை இல்லை. ஒருவரும் கை தட்டவுமில்லை.

இப்போது நான் செயலாளர் இல்லை. தமையன் சொல்லாமல் லண்டனுக்குப் போய்விட்டார். தங்கேஸ்வரி இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் "பிள்ளையின்ர காரியத்தை முடிச்சுப்போட்டுச் சொல்லியிருக்கக்கூடாதோ?" என்று மட்டும் கேட்டா. சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எனக்கு எப்போதும் இன்னொரு காரியம் முடிய வேண்டியிருக்கும், மகள்.

இதோ துண்டு. வெட்டி மிஞ்சிய படத்தையும் சேர்த்து அனுப்புகிறேன். இரண்டையும் ஒட்டித் தரக்கூடிய ஒரு வெள்ளைக்காரி, லெத்திசியா என்று பேர், பழைய படங்கள் திருத்துகிறவ, இங்கே பக்கத்தில் இருக்கிறா. வெட்டினதே தெரியாமல் ஒட்டித் தருவாவாம். அண்ணை ஓம் என்றால் நானே கொண்டுபோய்க் கொடுத்துச் சட்டமும் போட்டுத் தருகிறேன்.

வாமதேவன்


ஓல்னே-சூ-புவா
20 ஜூலை 2025

வாமதேவன் மாமாவுக்கு,

எல்லாக் கடிதங்களையும் அப்பாவிடம் கொடுத்தேன், உங்களுடையது, என்னுடைய பிரதிகள், எல்லாம். கார்ட்டைப் பற்றி நான் எழுதியதற்கு ஏச்சு வாங்கினேன். "குடுத்ததைச் சொல்லிக் காட்டுறதோ?" என்றார். அதுதான் முதல் ஏச்சு. உங்களை அவர் ஏசவில்லை.

துண்டைக் கையில் எடுக்க முன்னால் போய்க் கை கழுவினார். பிறகு கண்ணாடியைத் தேடினார், அது நெற்றியிலேயே இருந்தது. கிட்டினன் எங்கள் சாயலில் இருப்பார் என்று நானும் பார்த்தேன். இல்லை. அப்பாவைப் போலவும் இல்லை, என்னைப் போலவும் இல்லை. மிதுசனின் காதுகள் மட்டும் அங்கே இருந்தன. கால் பாதங்கள் பெரியவை. பந்தை வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருக்கிறார், யாரோ பறிக்க வருகிறார்கள் என்பதுபோல.

அப்பா பின்பக்கத்தைத் திருப்பி வாசித்தார். "இவ்வளவு வடிவான கையெழுத்து" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு குசினிக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நின்றார். அழுவது எங்களுக்குக் கேட்கக்கூடாது என்று.

ஒட்டுவதைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒட்ட வேண்டாம். ஒட்டினால் வெட்டினது தெரியாமல் போயிடும். துண்டு எங்களுக்கு. மிச்சம் அவனுக்கு. கடையில அந்த மலரில வந்த படம் கண்ணாடி போட்டுத் தொங்குதெல்லே, அதைக் கழட்டிப்போட்டு இதைத் தொங்கவிடச் சொல்லு. வெட்டின கரையை மறைக்கக்கூடாது. ஆராவது கேட்டால் மறுமொழி சொல்லட்டும். அவ்வளவும்தான் நான் அவனிட்டைக் கேக்கிறது."

ஆகவே படத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மிதுசனின் கலியாணத்துக்கு ஊர் ஆக்கள் பதினேழு பேருக்கு அழைப்புக் கார்ட் எழுதச் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

கஜந்தினி


லா சப்பல்
12 ஒக்டோபர் 2025

மகள் கஜந்தினிக்கு,

மிதுசனின் கலியாணம் நல்லபடியாக முடிந்தது என்று கேள்விப்பட்டேன். கொப்பர் பட்டு வேட்டியோடு வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றாராம், போய் வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அழைப்பு இல்லாதது சரி. அதைக் குறையாக எழுதவில்லை.

படம் தொங்குகிறது. அரிசி மூட்டைகளுக்கு மேலே, ஸ்டூலுக்கு நேரே. சட்டத்துக்குள் வலது பக்கம் கொஞ்சம் வெறுமையாக விடச் சொன்னேன், கரை தெரியட்டும் என்று. கத்தரிக்கோல் ஒழுங்காகப் போகவில்லை, கோணலாக இருக்கிறது. கடைசியில் நிற்கும் ஆட்டக்காரரின் முழங்கையிலும் ஒரு துளி போயிருக்கிறது. வெட்டும்போது அதைக் கவனிக்கவில்லை.

இப்படியொரு தண்டனையைக் கொப்பர்தான் யோசிக்க முடியும். ஊர் ஆக்கள் கேட்பதில்லை. அவர்களுக்குத் தெரியும், படத்தைப் பார்க்காமல் மிளகாய்த்தூளைப் பார்க்கிறார்கள். சிலர் கடையையே மாற்றிவிட்டார்கள். கேட்கிறவர்கள் புதிதாக வந்த ஆக்கள்தான். "ஏன் அண்ணை படம் கோணலா வெட்டிக் கிடக்கு?" இதுவரை பதினொரு பேர். முதல் ஆளுக்கு "பழைய படம், கிழிஞ்சு போச்சு" என்று சொன்னேன். இதையும் உனக்கு எழுதத்தான் வேண்டும். அந்த ஆள் போன பிறகு கதவு வரை ஓடினேன், பிடிக்க முடியவில்லை. அவருக்கு மட்டும் இன்னும் பொய்தான் தெரியும். திரும்ப வந்தால் சொல்வேன்.

மற்றப் பத்துப் பேருக்கும் சொன்னேன். சொல்லிச் சொல்லிப் பழகிவிடும் என்று நினைத்தேன், பழகவில்லை. "நான்தான் வெட்டினனான்" என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் காது சுடுகிறது.

இன்று ஞாயிறு. மூன்று மணிக்குக் கடை நிறைய ஆக்கள். வன்னியிலிருந்து வந்து இரண்டு மாதம்கூட ஆகாத ஒருவர், பக்கத்து ரெஸ்தோறனில் வேலை செய்கிறவர், சாமான் கூடையோடு படத்துக்குக் கீழே நின்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த வெட்டுப்பட்ட ஆளின்ர பேர் என்ன அண்ணை?" என்றார்.

வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள், அதில் இரண்டு பேர் எங்கள் ஊர். நான் குனிந்து காய்கறியை நிறுத்துக்கொண்டே பேரைச் சொன்னேன்.

"கேக்கேல்லை அண்ணை" என்றார் அவர்.

நிமிர்ந்து, கடை முழுக்கக் கேட்கும்படி இன்னொரு தரம் சொன்னேன்.

வாமதேவன்